பலியும் பத்துப் பவுணும்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் பெயரைப் போட வேண்டாம். ஊரை யாழ்ப்பாணத்து வலிகாமம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது பக்கத்து வளவு அக்கா ஒரு சின்னப் பையை என் கையில் தந்தா. அவவுக்குக் கணவர் இல்லை. நாலு வயதுப் பெண்பிள்ளையும் வயதான மாமியாரும் கூட. என்னிடம் சைக்கிள் இருந்தது. “தம்பி, நீ கெதியாய்ப் போயிடுவாய், இதை வைச்சிரு” என்றா. சங்கிலியும் காப்புகளுமாகப் பத்துப் பவுண். பிள்ளைக்கென்று வைத்திருந்தது. பிறகு கொடிகாமத்தில் அக்காவைக் கண்டபோது, நாவற்குழிப் பாலத்து நெரிசலில் பை அறுந்து விழுந்துவிட்டது என்று சொன்னேன். அந்த இரவில் எத்தனை பேர் என்னென்னவோ தொலைத்தார்கள். அக்கா நம்பினா. ஊர் திரும்பிய பிறகு அந்த நகையைக் கஸ்தூரியார் வீதியில் விற்றுத் தம்பியை வெளியில் அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டினேன். தம்பி இப்போது கனடாவில் நன்றாக இருக்கிறான்.

அக்காவின் மாமியார் பகுதியார் நம்பவில்லை. என்னையல்ல, அக்காவை. நகையை இவவே யாருக்கோ கொடுத்துவிட்டுக் கதை விடுகிறா என்று அக்கா சாகும்வரை சொன்னார்கள். அக்கா 2019இல் காலமாகிவிட்டா. மகள் சுன்னாகத்தில் ஆசிரியை. கண்டால் “மாமா” என்று வந்து கதைப்பா.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நண்பரோடு சபைக்குப் போனேன். இயேசு உன் கடனைக் கட்டித் தீர்த்துவிட்டார் என்று கேட்ட நாளில் எழும்ப முடியாமல் அழுதேன். ஞானஸ்நானம் எடுத்தேன். அன்றிலிருந்து நித்திரை வருகிறது. பாஸ்டரிடம் தனியாக எல்லாம் சொன்னேன். ஆண்டவர் அதைச் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார், திரும்பத் தோண்டாதீங்கோ என்றார். வரும் ஈஸ்டர் கூட்டத்தில் நான் மாறிய கதையை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்லவும் கேட்டிருக்கிறார்கள். மனைவி சைவம். அவவின் அண்ணருக்கு நகைக் கதை தெரியாது, ஆனால் “ஒருத்தன் கன்மத்தை இன்னொருத்தன் அனுபவிக்க ஏலாது, உன்னை நீயே ஏமாத்திறாய்” என்கிறார்.

எனக்கு வந்த ஆறுதல் பொய்யா? அக்காவே இல்லாதபோது மகளிடம் போய் இதைக் கிளறத்தான் வேண்டுமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

நான் சைவ வீட்டில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஞானஸ்நானம் எடுத்ததில்லை, எடுக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் வேதாகமத்தை விடாமல் வாசித்து வருகிறேன். நீங்கள் நம்புவதை உள்ளே நின்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் நம்பும் புத்தகம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

உங்கள் ஆறுதல் பொய்யில்லை. போருக்குப் பிறகு சபைகளுக்குப் போனவர்களைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு இளக்காரமான பேச்சு உண்டு. அரிசிக்கும் பருப்புக்கும் போனார்கள் என்று. நீங்கள் எதற்குப் போனீர்கள் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. ஏறக்குறைய முப்பது வருடம் ஒரு பொய்யைத் தனியாகச் சுமந்த மனிதன், அதை எங்கேயாவது இறக்கிவைக்க முடியுமா என்று பார்க்கப் போயிருக்கிறான். இதில் இளக்காரத்துக்கு என்ன இருக்கிறது?

மத்தேயு சுவிசேஷத்தின் 27ஆம் அதிகாரத்தில் யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டு போகிற இடத்தை வாசித்திருப்பீர்கள். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன், பாவம் செய்தேன் என்று பிரதான ஆசாரியரிடம் போய்ச் சொல்கிறான். “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்கிறார்கள். கோயிலும் ஆசாரியரும் எதற்காக இருக்கிறார்களோ அந்த ஒரு வேலையை அன்று செய்யவில்லை. அவன் காசை எறிந்துவிட்டுப் போய் நாண்டுகொண்டு சாகிறான். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவும் குற்றவாளிதான். ஆனால் பேதுருவை அது உன்பாடு என்று யாரும் அனுப்பிவிடவில்லை. கடற்கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்து, வா சாப்பிடு என்று கூப்பிட ஒருவர் இருந்தார். உங்களுக்கும் சபையில் கிடைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். உன் குற்றம் உன்பாடு மட்டுமில்லை, அதைத் தன் பாடாக ஒருவர் எடுத்துக்கொண்டார் என்ற செய்தி. அழுகை வந்ததில் ஆச்சரியமில்லை.

மைத்துனருடைய கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே வந்து இறங்கிய காலத்திலிருந்தே நடக்கிற வழக்கு. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலரே பிறகு அவர்களை எதிர்த்து எழுதினார். ஆனால் சைவ சித்தாந்தம் மைத்துனர் சொல்வதுபோல அவ்வளவு கறாரானதும் இல்லை. தீட்சையில் குருவின் அருளால் சஞ்சித கன்மம், அதாவது சேர்த்து வைத்த மூட்டை, எரிந்துவிடுகிறது என்றுதான் அதுவும் சொல்கிறது. இந்த உடம்போடு பலன்தரத் தொடங்கிவிட்ட பிராரத்தம் மட்டும் அனுபவித்தே கழிய வேண்டும். அருள் எரிப்பது ஒன்று, அருள் வந்த பிறகும் நடந்து தீர வேண்டியது இன்னொன்று. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேதத்திலும் இதற்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது.

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தை எடுங்கள். தொடக்கத்து ஏழு வசனங்கள். சபைகளில் இதை யாரும் பிரசங்கிப்பதைக் கேட்டதில்லை. ஆடு, மாடு, கொழுப்பு, இரத்தம் என்று போகிற புத்தகம், அலுப்பாக இருக்கும் என்று தாண்டிவிடுகிறோம். அந்த இடத்தில் என்ன வழக்கு தெரியுமா? அயலவன் நம்பித் தந்த பொருளை ஒருவன் இல்லையென்று மறுத்துவிடுகிறான். அப்படியே உங்கள் கதை. இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழைய ஒரு சட்டத்தில் கொடிகாமத்தில் நீங்கள் சொன்ன பொய்க்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அயலவனை ஏமாற்றியதை அந்தச் சட்டம் முதலில் கர்த்தருக்குச் செய்த துரோகம் என்கிறது. அதனால் பலி வேண்டும். ஆனால் ஆட்டுக்கடாவைப் பற்றிய பேச்சு வருமுன், எடுத்த முதலைத் திருப்பிக் கொடு, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடு, பலி செலுத்தும் அந்த நாளிலேயே உடையவனிடம் கொடு என்கிறது. பிறகுதான் குற்றநிவாரண பலி. ஆசாரியன் பாவநிவிர்த்தி செய்கிறான், மன்னிப்புக் கிடைக்கிறது. ஆட்டைப் பலியிட்டால் நகை திரும்பி வந்ததாகும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. நகையைக் கொடுத்தால் பலி வேண்டாம் என்றும் இல்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு.

ஏசாயா 53ஆம் அதிகாரம் கிறிஸ்தவர்கள் பெரிய வெள்ளியில் வாசிக்கிற பகுதி. பாடுபடுகிற அந்த ஊழியன் தன்னைக் குற்றநிவாரண பலியாகக் கொடுக்கிறான் என்று அதன் 10ஆம் வசனம் சொல்கிறது. பலிகளில் எத்தனையோ வகை இருக்க, அயலவனின் பொருளை மறுத்தவன் கொண்டுவர வேண்டிய அதே பலி. சிலுவையை அந்தப் பலியாக நீங்கள் நம்பினால், அந்தப் பலிக்குப் பக்கத்தில் நிற்கிற அயலவனையும் சேர்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

அப்படியானால் நான் ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டேனே, கொடுக்காமலே ஆறுதலை வாங்கிவிட்டேனே என்று பயப்படுவீர்கள். பயப்பட வேண்டாம். சகேயு கதையும் அப்படித்தான் நடக்கிறது. வரி வசூலில் ஊரை உறிஞ்சியவன், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்தான். இயேசு மரத்தடியில் நின்று, இன்றைக்கு உன் வீட்டில் தங்கப்போகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறார். கணக்குக் கேட்கவில்லை. சனம் முறுமுறுக்கிறது. அந்தச் சந்தோசத்தில் சகேயு தானாகவே எழும்பி, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற சொல் அதற்குப் பிறகு வருகிறது. முன்னும் பின்னுமாக ஒழுங்கு மாறலாம். திருப்பிக் கொடுத்தல் மட்டும் இரண்டு கதையிலும் இருக்கிறது.

11ஆம் நூற்றாண்டின் கடைசியில் கான்ரபரிப் பேராயராக இருந்த அன்செல்ம்தான், மனிதன் கடவுளுக்குப் பட்ட கடனைக் கிறிஸ்து தீர்த்தார் என்ற விளக்கத்தைத் தெளிவாகக் கட்டி எழுப்பியவர். உங்கள் பாஸ்டர் சொல்லும் கடன் கணக்கு சுற்றிவளைத்து அவரிடமிருந்தும் வருகிறது. அந்த அன்செல்மே, எடுத்ததை மட்டும் திருப்பித் தந்தால் போதாது, செய்த அவமதிப்புக்காகக் கூடுதலாகவும் தர வேண்டும் என்று எழுதுகிறார். இதே கதையை நீங்கள் ஒரு கத்தோலிக்கக் குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருந்தால், பொருளை உரியவரிடம் சேர்ப்பீர்களா என்பதைத்தான் அவர் முதலில் கேட்டிருப்பார்.

பாஸ்டர் சொன்ன வசனம் மீகா 7:19. அவர் ஆறுதலுக்காகச் சொன்னது, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் சமுத்திரத்தில் போடப்பட்டது பாவம். நகை சமுத்திரத்துக்குப் போகவில்லை. கஸ்தூரியார் வீதியில் தராசில் ஏறிக் காசாகிக் கனடாவுக்குப் போனது.

சரி, இனி மகள். அக்கா இல்லையே என்கிறீர்கள். எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் அதையும் யோசித்து வைத்திருக்கிறது. கொடுக்க வேண்டியவருக்கு நெருங்கிய உறவு ஒருவருமே இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனுக்குப் போகும். இங்கே மகள் இருக்கிறார். அந்த நகையே அவருக்கென்று வைத்ததுதான்.

பெயர் சொல்லாமல் யார் மூலமாவது கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் உங்களுக்கு வரும், இதுவரை வராவிட்டாலும். வேறு சில களவுகளுக்கு அது சரியாக இருக்கலாம். உங்களுக்குச் சரிவராது. நீங்கள் எடுத்தது பத்துப் பவுண் மட்டுமில்லை. இருபத்துமூன்று வருடம் அக்கா கள்ளி என்ற பேச்சோடு வாழ்ந்திருக்கிறார். நாலு வயதுப் பிள்ளை அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்திருக்கும். அம்மா உண்மையிலேயே கொடுத்துவிட்டாவோ என்று ஒரு நாளாவது அதுவும் நினைத்திருக்கும். உங்கள் கடிதத்தில் இதை நாலு வரியில் சொல்லிவிட்டுச் சபைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த நாலு வரியைத் தாண்ட முடியவில்லை. தங்கத்தை யார் கையிலும் கொடுத்துவிடலாம். அக்காவின் பெயரைத் திருப்பித் தர உங்கள் வாயால் மட்டும்தான் முடியும்.

எப்படிப் போவது? முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் இவ்வளவு பெரிய தொகையை எடுத்தால் இன்னொரு பொய் தொடங்கும். தம்பியிடம் பங்கு கேட்கலாம். அவர் தராவிட்டால் அதைச் சாட்டாக வைக்க வேண்டாம், வாக்குக் கொடுத்து வாங்கியவர் நீங்கள். கணக்கைக் காசில் பார்க்காதீர்கள். விற்ற காலத்துப் பவுண் விலைக்கும் இன்றைக்குள்ள விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நிறையில் பாருங்கள். பத்துப் பவுண், ஐந்தில் ஒன்று இரண்டு, ஆகப் பன்னிரண்டு. ஒரேயடியாக முடியாவிட்டால் எப்போது எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். புது நகை செய்து அழகான பெட்டியில் கொண்டுபோக வேண்டாம், பரிசு மாதிரி ஆகிவிடும்.

பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார் என்று பேச்சைத் தொடங்கவே தொடங்காதீர்கள். அந்த வசனம் உங்களைத் தூக்கி நிறுத்தியது. மகளுக்கு அது கதவைச் சாத்துவதாகக் கேட்கும். மன்னிப்பும் கேட்டு நெருக்காதீர்கள். செய்ததைச் சொல்லுங்கள், அக்கா சொன்னது முழுக்க உண்மை என்று சொல்லுங்கள். பிறகு இருக்கச் சொன்னால் இருங்கள், போகச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். மாமா என்று கூப்பிடுவது அன்றோடு நின்றும் போகலாம். அந்த இடத்தில்தான் உங்கள் நம்பிக்கை உங்களுக்கு உதவ வேண்டும். கடவுள் கைவிடவில்லை என்று உறுதியாக நம்புகிறவனால்தான் ஒரு பெண்ணின் கோபத்துக்கு முன்னால் சாக்குச் சொல்லாமல் நிற்க முடியும். 1996இல் உங்களால் முடியாமல் போனதும் அந்தப் பலம் இல்லாமல்தான் போலிருக்கிறது. இப்போது இருக்கிறது என்கிறீர்கள்.

மாமியார் பகுதியாரிடமும் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் எப்போது, யார் முன்னால் என்பதை மகள் தீர்மானிக்கட்டும்.

ஈஸ்டர் சாட்சியை இந்த முறை விட்டுவிடுங்கள். மேடையில் பெயர் சொல்லாமல் சொன்னாலும் வலிகாமத்தில் இரண்டு நாளில் சுன்னாகம் போய்ச் சேர்ந்துவிடும். தன் அம்மாவின் கதையைச் சனத்தின் வாயால் மகள் கேட்கக் கூடாது. பிறகு ஒரு காலத்தில் சொல்ல விரும்பினால் அவரிடம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் அது சபையில் சொல்லப்படாத சாட்சியாகவே இருக்கட்டும்.