தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு

தட்டம்மை குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு, மதுரையில் பணியாற்றும் குழந்தைநல மருத்துவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. மாசி மாதம் அவளுக்குத் தட்டம்மை போட்டது. வேப்பிலையில் படுக்க வைத்து, ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். அம்மை இறங்கி இரண்டு மாதம் ஆகியும் சளி, இருமல், வயிற்றுப்போக்கு என ஏதாவது ஒன்று மாறி மாறி வருகிறது. உடம்பும் இளைத்துவிட்டது. ஒன்பதாம் மாத ஊசியைப் போட்டிருந்தோம். ஒன்றரை வயதில் போட வேண்டியதை, வேலைக்காகத் திருப்பூர் போனதால் விட்டுவிட்டோம். எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதாகச் சொல்லி மருந்துக் கடையில் ஒரு டானிக் கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்து கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு அம்மை முடிந்துவிட்டது என்றுதான் நம் பக்கத்தில் எல்லோரும் எண்ணுகிறோம். தோலில் தெரிந்த தடிப்பைப் பொறுத்தவரை அது சரிதான். உடலுக்குள் தட்டம்மை செய்துவிட்டுப் போகும் சேதம் அதற்குப் பிறகே வெளியே தெரிய வரும். உங்கள் மகளுக்கு இப்போது நேர்வதும் அதுவாக இருக்கலாம்.

ஒரு கிருமியை உடல் ஒருமுறை எதிர்த்து வென்றுவிட்டால், அதன் அடையாளத்தை நினைவு அணுக்கள் எனப்படும் ஒருவகை வெள்ளை அணுக்களில் பதித்து வைத்துக்கொள்கிறது. அதே கிருமி மறுபடி வரும்போது உடனே அடையாளம் கண்டு விரட்டுவது இந்த அணுக்களால்தான். தட்டம்மை வைரஸோ, உடலில் புகுந்ததும் முக்கியமாக இந்த நினைவு அணுக்களையே தேடிப் பிடித்து அழிக்கிறது. மளிகைக் கடையில் வருடக்கணக்காக எழுதி வைத்த பற்று நோட்டு மழையில் நனைந்து மை கரைந்துபோனால், யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாமல் கடைக்காரர் திகைப்பாரே, அம்மை கண்டு எழுந்த குழந்தையின் உடலும் அப்படித்தான் திகைக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் இரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் முன்பு பெற்றிருந்த எதிர்ப்பொருள்களில் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்களில்) 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோயிருந்தன. இந்த இழப்பு ஈடாவதற்கு 2 முதல் 3 ஆண்டுகள் வரை ஆகலாம். தட்டம்மைக்கான எதிர்ப்பு மட்டும் ஆயுள் முழுவதும் நிலைத்திருக்கும்.

ஆகவே, அழிந்துபோன அந்த நினைவை எந்த டானிக்காலும் திரும்ப எழுத முடியாது. டானிக்குக்குச் செலவழிக்கும் பணத்தில் குழந்தைக்கு முட்டையும் பாலும் பருப்பும் வாங்கிக் கொடுங்கள் என்பதே என் கருத்து. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த ஒன்பது நாளும் இளநீர், மோர், கூழ் என்று கொடுத்தது நல்லதே. ஆனால் பத்தியம் அதற்குமேல் நீளக் கூடாது. இன்னும் பல வாரங்களுக்கு, வழக்கமான வேளைகளுக்கு மேல் ஒருவேளை சேர்த்துக் கொடுங்கள். முருங்கைக்கீரை, மஞ்சள் பூசணி, பப்பாளி, இப்போது சந்தைக்கு வரும் மாம்பழம், முட்டையின் மஞ்சள் கரு, கிடைத்தால் ஈரல் ஆகியவற்றில் வைட்டமின் ஏ சத்தோ உடலில் அதுவாக மாறும் சத்தோ நிறைந்திருக்கிறது. கீரையைச் சிறிது எண்ணெய் விட்டு வதக்கினால்தான் அந்தச் சத்து உடலில் நன்றாகச் சேரும். வாரந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எடை ஏறுகிறதா என்பதே தேறி வருவதற்கான உண்மையான அளவுகோல்.

வைட்டமின் ஏ பற்றி மதுரைக்காரர்கள் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையினர் திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. அம்மை கண்ட ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரண்டு நாள்களில் நாளுக்கு ஒருமுறை கொடுப்பது மருத்துவ முறை. 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு அதில் பாதி அளவு. உங்கள் மகளுக்கு அது கிடைத்ததா என்று உங்கள் ஊர்ச் செவிலியரிடம் கேளுங்கள். அளவு மீறினால் தீங்கு செய்யும் சத்து அது, ஆகையால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இருமலும் காய்ச்சலும் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், அல்லது எடை ஏறாமலே இருந்தால், காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டம்மைக்குப் பின் மறைந்திருந்த காசநோய் தலைகாட்டுவது உண்டு. விட்டுப்போன இரண்டாம் தவணையையும், ஊசி அட்டையில் காலியாக இருக்கும் மற்ற ஊசிகளையும் இப்போது போட்டுக்கொள்ளுங்கள். அம்மை வந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்பீர்கள். அந்த ஊசியில் ரூபெல்லா என்ற வேறொரு தடிப்பு நோய்க்கான பாதுகாப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு தவணை போட்டும் ஏன் வந்தது என்ற கவலையும் வேண்டாம்: ஒன்பதாம் மாதத்தில் போடும் முதல் தவணை நூற்றில் ஏறத்தாழ 85 குழந்தைகளையே காக்கும்; இரண்டாவது தவணைதான் அதை 97க்கு அருகே கொண்டு செல்கிறது. விட்டுப்போனதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஊர் மாறிப் போகிற குடும்பங்கள் பலவற்றுக்கு இது நேர்கிறது. எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அட்டையைக் காட்டி இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நேற்று உடம்பெல்லாம் தடிப்பு, தட்டம்மை என்கிறார்கள். முந்தாநாள்வரை அவன் என் குழந்தையைத் தூக்கி விளையாடினான். வாசலில் வேப்பிலை செருகினால் போதும் என்கிறார் என் மாமியார். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் குழந்தையோடு மதுரை வருவதாக இருந்தோம். வரலாமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அவசரம் கருதி இவருக்குத் தொலைபேசியில் அன்றே பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே, வெறும் சளிக்காய்ச்சல் போலத் தெரிகிற அந்த நாள்களிலேயே, இந்த நோய் பரவத் தொடங்கிவிடுகிறது. வேப்பிலை வாசலுக்கு வரும்போது நோய் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். நோயாளி இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம்வரைகூட வைரஸ் தங்கியிருக்கும். எதிர்ப்பு இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும்.

தாயிடமிருந்து குழந்தைக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏழாம் மாதத்தில் பெரும்பாலும் வடிந்திருக்கும். ஒன்பதாம் மாத ஊசிக்கோ இன்னும் நாள் இருக்கிறது. இந்த இடைவெளிதான் ஆபத்தானது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு, நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ முடியும். அது தாண்டிவிட்டால் ஆறு நாளுக்குள், தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள்களைக் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம். ஆகையால் மறுநாள் வரைகூடக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். அப்படி முன்கூட்டிப் போடும் ஊசி கணக்கில் சேராது. ஒன்பதாம் மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போட வேண்டியவற்றை வழக்கம்போல் போட்டே ஆக வேண்டும்.

ஆற்றுக்குக் குழந்தையோடு வர வேண்டாம். தொற்றியிருந்தால் அது வெளியே தெரிய பத்து முதல் பதினான்கு நாள், சில நேரம் மூன்று வாரம்கூட ஆகும். வைகைக் கரையில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் இன்னொரு கைக்குழந்தைக்கு நம் குழந்தை நோயைக் கொடுத்துவிடக் கூடாது. அழகர் அடுத்த சித்திரையிலும் ஆற்றில் இறங்குவார்.

கேள்வி: தட்டம்மை, சின்னம்மை இரண்டையும் பார்த்தவுடன் பிரித்தறிவது எப்படி? கண் சிவந்தால் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவது எங்கள் ஊர் வழக்கம். அது சரியா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: சின்னம்மையில் நீர் கோத்த முத்துகள் இருக்கும். தட்டம்மையில் நீர் இருக்காது. கடும் காய்ச்சல், மூக்கொழுகல், இருமல், சிவந்து நீர் வழியும் கண்கள் என்று மூன்று நான்கு நாள் போன பிறகு, காது மடலுக்குப் பின்னாலும் முடி தொடங்கும் இடத்திலும் செந்தடிப்பு தோன்றி முகம், மார்பு, கால் எனக் கீழே இறங்கும். அதற்கு ஓரிரு நாள் முன்பே, டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தால், சிவந்த தசையின் மேல் ரவையைத் தூவியது போல வெண்புள்ளிகள் தெரியலாம். சந்தேகமான குழந்தைகளுக்கு நான் முதலில் வாயைத் திறக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கண்ணில் எந்தச் சாறும், தாய்ப்பாலும், விடக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை வரும்போது கருவிழி வறண்டு புண்ணாகிறது. அந்தப் புண்ணில் படும் சுத்தமற்ற சாறு பார்வையையே பறித்துவிடும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் பீளையைத் துடைத்தால் போதும். கருவிழியில் வெண்மை படர்ந்தாலும், மூச்சு வேகமாகி நெஞ்சுக்கூடு உள்ளிழுத்தாலும், வலிப்பு வந்தாலும், குழந்தை எதுவும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திராமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வேப்பிலையையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்; அதற்கு எந்த மருத்துவரும் மறுப்புச் சொல்ல மாட்டார்.