விடாமல் பெட் ஏற்றுபவரிடம் எப்படி ஆடுவது? – போக்கர் கேள்வி-பதில்

தீபாவளி, பொங்கல் விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊர் திரும்பினால் டெல்டாவில் பல வீட்டுத் திண்ணைகளில் ரம்மிக் கட்டோடு டெக்ஸஸ் ஹோல்டமும் (ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு நடுவில் பொதுவாக விழும் போக்கர்) சேர்ந்துகொள்கிறது. வந்திருக்கும் கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே ஆளைப் பற்றித்தான்: ஆட்டம் தெரிந்தவர், பயமில்லாமல் பெட்டை ஏற்றிக்கொண்டே போகிறவர். பதில்களில் வரும் கணக்குக்கு ப்ளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன் இருவர் கட்டாயமாகப் போடுவது) 1-2, ஆளுக்கு 200 சிப்ஸ் (பெட் வில்லை), மேசையில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கும் என் மச்சான், பட்டன் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாகப் பேசும் இடம்) கைக்கு வந்தால் போதும், ஏறக்குறைய பாதிக் கைகளில் 5-க்கு ரைஸ் செய்கிறார் (பெட்டை ஏற்றுகிறார்). நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருந்தால் என் ப்ளைண்டெல்லாம் கரைந்துவிடுகிறது. என்ன செய்வது? – கும்பகோணம் வாசகர்

நீங்கள் காத்திருப்பதை நம்பித்தான் அவர் ரைஸ் செய்கிறார். 10-10 முதல் ஏஸ்-ஏஸ் வரை உள்ள ஜோடிகளும் ஏஸ்-ராஜாவும் மட்டும்தான் ஆடுவேன் என்றால், மொத்தம் உள்ள 1326 இரண்டு-சீட்டுச் சேர்க்கைகளில் அவை 46. அதாவது சுமார் 29 கைக்கு ஒருமுறை. அதற்குள் மேசை ஐந்து சுற்றுக்கு அருகில் போயிருக்கும். சுற்றுக்கு 3 வீதம் 15 சிப்ஸ் போயிருக்கும்.

முதலில் கால் (அவர் போட்ட அளவுக்குப் போட்டுத் தொடர்வது) செய்யும் விலையைப் பாருங்கள். சின்ன ப்ளைண்ட் விலகிவிட்டது, பெரிய ப்ளைண்டில் உங்கள் 2 ஏற்கெனவே கிடக்கிறது. பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் தொகையில்) 8, நீங்கள் போட வேண்டியது 3. 3-ஐ 11-ஆல் வகுத்தால் 27 சதவீதம். அவ்வளவு ஜெயிக்கும் வாய்ப்பு ஏராளமான சீட்டுக்கு உண்டு. ஆனால் ஃப்ளாப்பிலிருந்து (நடுவில் முதல் மூன்று சீட்டு விழுவதிலிருந்து) நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்பதால் அந்த வாய்ப்பு முழுதாகக் கைக்கு வந்து சேராது. ஆகவே ஒரே சூட்டில் (ஆட்டின் என்ற ஹார்ட், இஸ்பேட் போன்றவை) அடுத்தடுத்து வரும் 8-7, 10-9, சின்ன ஜோடிகள், ஒரே சூட் ராணி-9 போன்றவற்றைக் கால் செய்யுங்கள். வேறு வேறு சூட்டில் ராஜா-4, ஜாக்-5 மாதிரியானவை ஃப்ளாப்பில் பாதி அடித்து, மீதியில் சிக்க வைப்பவை, அவற்றை விட்டுவிடுங்கள்.

அடுத்தது திருப்பி ரைஸ். இடம் இல்லாதபோது (அவர் உங்களுக்குப் பின்னால் பேசுகிறார்) 20 முதல் 22 வரை. இடம் இருந்தால் 15 போதும். இடமில்லாமல் 15 போட்டால் அவர் மலிவாகக் கால் செய்து, கடைசியில் பேசும் வசதியையும் வைத்துக்கொள்வார். ஜாக்-ஜாக் முதல் ஏஸ்-ஏஸ் வரை 24 சேர்க்கை, ஏஸ்-ராஜா 16; ஆக 40. இவற்றோடு ஒரே சூட் ஏஸ்-5, ஏஸ்-4, ஏஸ்-3, ஏஸ்-2 ஆகிய 16 சேர்க்கைகளை ப்ளஃப்பாக (நல்ல கை இருப்பதுபோல் மிரட்ட) சேருங்கள். உங்கள் கையில் ஒரு ஏஸ் இருந்தால் அவரிடம் ஏஸ்-ஏஸ் இருக்கக்கூடிய சேர்க்கை 6-லிருந்து 3 ஆகக் குறைகிறது. ஏஸ்-ராஜா 16-லிருந்து 12 ஆகிறது. திருப்பி அடிக்க அவரிடம் ஆயுதம் குறையும்.

இங்கேதான் பலர் தடுமாறுவது: பெரிய ப்ளைண்டிலிருந்து 20-க்கு ஏற்ற நீங்கள் புதிதாகப் போடுவது 18, பாட்டில் இருப்பது 8. அவர் நூற்றுக்கு 69 முறை ஃபோல்ட் செய்தால்தான் (கையை விட்டு விலகினால்தான்) அந்த ப்ளஃப் அந்த நொடியிலேயே லாபம். தேர்ந்தவர் அவ்வளவு விட மாட்டார். அதனால்தான் ப்ளஃப்புக்கும் ஃப்ளாப் பார்த்தால் வளரக்கூடிய சீட்டாக எடுக்கச் சொல்கிறோம். ராணி-3 மாதிரி வெறும் கையை வைத்து ஏற்றாதீர்கள். அவர் 48-க்கு மறுபடி ஏற்றினால் ஏஸ்-5-ஐ வருத்தமில்லாமல் விடுங்கள். திருப்பி ரைஸ் செய்தாலும் ஃபோல்டே செய்யாத ஆள் என்று தெரிந்தால் ப்ளஃப்பை முழுக்க நிறுத்தி, ஏஸ்-ராணி, ராஜா-ராணி, 10-10 இவற்றையும் நல்ல கை என்று கணக்கில் சேர்த்து ஏற்றுங்கள்.

மூன்று தெருவிலும் (ஃப்ளாப், நான்காம் சீட்டான டர்ன், ஐந்தாம் சீட்டான ரிவர்) பெட் போடுகிறார். கையில் ஒரே ஒரு ஜோடி. ரிவரில் பாட் அளவுக்குப் போட்டால் கால் செய்வதா, விடுவதா? ஒவ்வொரு முறையும் மனசு சொல்கிறபடி செய்து தோற்கிறேன். – மன்னார்குடி வாசகி

மனசை ஒதுக்கி விலையையும் சேர்க்கைகளையும் எண்ணினால் பாதிக் குழப்பம் தீரும். கால் செய்யத் தேவையான வாய்ப்பு: பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட் என்றால் 20 சதவீதம், பாதி என்றால் 25, மூன்றில் இரண்டு என்றால் 28.6, முழு பாட் என்றால் 33.3. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஒரு கையைக் கிட்டத்தில் பார்ப்போம். அவர் பட்டனில் 5-க்குத் திறந்தார், நீங்கள் பெரிய ப்ளைண்டில் ராஜா-10 (10 இஸ்பேட்) வைத்துக் கால். பாட் 11. ஃப்ளாப்பில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 8, இஸ்பேட் 3. அவர் 5, நீங்கள் கால், பாட் 21. டர்னில் டைமன் 2. அவர் 15, கால், பாட் 51. ரிவரில் கிளாவர் ஜாக். அவர் 50 போடுகிறார். 50 போட்டு 101-ஐப் பிடிக்க வேண்டும். தேவை 33 சதவீதம்.

உங்களை வெல்லும் கைகளில் அவர் ரிவரில் இவ்வளவு போடுபவை என்று எளிமைக்காக இவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம் (ராஜா-ராணியும் உங்களை வெல்லும், ஆனால் அதை வைத்து ரிவரில் பெட் போடாமல் விடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்): போர்டில் (நடுவில் கிடக்கும் சீட்டுகளில்) ஒரு ராஜா, உங்களிடம் ஒன்று. ஆகவே ஏஸ்-ராஜா 8 சேர்க்கை, ராஜா-ஜாக் 6, ஏஸ்-ஏஸ் 6. 8-8, 3-3, 2-2, ஜாக்-ஜாக் ஒவ்வொன்றும் 3 வீதம் 12. மொத்தம் 32. அவர் தவறவிட்ட ஆட்டின் ஃப்ளஷ் (ஒரே சூட்டில் ஐந்து சீட்டு) கைகள், பட்டனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் திறப்பவருக்கு, சுமார் 20 இருக்கும்: ஏஸோடு ராணி, 10, 9, 7, 6, 5, 4, ராணியோடு 10, 9, 7, 6, 5, பிறகு 10-9, 10-7, 9-7, 9-6, 7-6, 7-5, 6-5, 5-4. அவை எல்லாவற்றையும் ரிவர் வரை தள்ளுகிறவர் என்றால் 52-ல் 20 ப்ளஃப், 38 சதவீதம். கால்.

இப்போது உங்கள் கையில் இஸ்பேட் 10-க்குப் பதில் ஆட்டின் 10 இருந்தால்? ஏஸ்-10, ராணி-10, 10-9, 10-7 நான்கும் அவரிடம் இருக்கவே முடியாது. ப்ளஃப் 16 ஆகிவிடும். 48-ல் 16, சரியாக 33. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவர் அந்த 16-ல் நாலைந்தை டர்னிலேயே கைவிடுகிறவர் என்றால் ஃபோல்டுதான் சரி. ஒரே ராஜா-10, சூட் மாறியதும் விடை மாறுகிறது. ‘ஃப்ளஷ் வரலை, அப்போ ப்ளஃப்தான்’ என்று சொல்லிக் கால் செய்பவர்களில் அநேகர் அந்தச் சூட்டின் ஒரு சீட்டைத் தாங்களே கையில் வைத்திருப்பார்கள்.

இந்த எண்ணிக்கையை மேசையில் முழுதாகப் போட முடியாது. ஆட்டம் முடிந்தபின் ஒரு கையை எடுத்துத் தாளில் எழுதிப் பழகுங்கள். ஒரு மாதத்தில் எந்த போர்டில் ப்ளஃப் அதிகம், எதில் குறைவு என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

ஆக்ரோஷமாக ஆடுபவருக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? – மயிலாடுதுறை வாசகர்

அவருக்கு இடப்புறம், உடனடுத்த நாற்காலி. பேச்சு இடப்புறமாகச் சுற்றுவதால் பெரும்பாலான கைகளில் அவர் முடிவெடுத்த பிறகே நீங்கள் பேசுவீர்கள். இடத்துக்குச் சீட்டு எடுத்துப் போடும் வழக்கம் இருந்தால் தவறான இடம் விழலாம். அன்றைக்கு ப்ளைண்டில் கைகளைக் குறைத்து, கால் செய்வதைவிடத் திருப்பி ரைஸ் செய்வதைக் கூட்டுங்கள்.

டர்னில் ஃப்ளஷ்ஷுக்கு ஒரு சீட்டு குறைவு. பாட் 40, அவர் 20 போடுகிறார். கால் செய்வது நஷ்டம் என்கிறான் தம்பி. உண்மையா? – திருவாரூர் வாசகர்

அந்த ஒரு பெட்டை மட்டும் பார்த்தால் தம்பி சொல்வது சரி. பார்க்காத 46 சீட்டில் 9 உங்களுக்கு உதவும், 19.6 சதவீதம். தேவை 25. ஆனால் ரிவரில் வரப்போவதையும் சேர்க்க வேண்டும். 37 முறை 20 வீதம் 740 போகிறது. 9 முறை 60 வீதம் 540 வருகிறது. பற்றாக்குறை 200. அதை அந்த 9 முறைக்குப் பகிர்ந்தால் ஃப்ளஷ் விழும்போது ரிவரில் சராசரியாக 22-23 சிப்ஸ் கூடுதலாகக் கிடைத்தால் போதும். பாட் அப்போது 80. விடாமல் பெட் போடுகிறவரிடம் 80-ல் 23 எடுப்பது கடினமில்லை. ஆகவே கால் செய்யுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. உங்கள் ஃப்ளஷ் 7-5 மாதிரிச் சிறியது என்றால் பெரிய ஃப்ளஷ்ஷிடம் மொத்தமும் போகும். 9 சீட்டும் முழு மதிப்புள்ளவை அல்ல. போர்டில் ஒரு ஜோடி விழுந்திருந்தாலும் அப்படியே.

ஃப்ளாப்பிலேயே இந்த கை இருந்தால் செக் செய்து (முதலில் பெட் போடாமல் விட்டு), அவர் போட்டதும் ரைஸ் செய்வது இன்னும் நல்லது. பாட் 11, அவர் வழக்கம்போல் 4. நீங்கள் 14-க்கு ஏற்றினால் 15-ஐப் பிடிக்க 14 போடுகிறீர்கள். நூற்றுக்கு 48 முறை அவர் விட்டால் கணக்கு சமம். விடாவிட்டாலும் இன்னும் வரும் இரண்டு சீட்டில் ஃப்ளஷ் விழ 35 சதவீத வாய்ப்பு கையில் இருக்கிறது. எல்லா ஃப்ளாப்பிலும் சின்ன பெட் போடுகிறவரைத் தொந்தரவு செய்ய இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

ஆட்டம் தெரிந்தவரை ப்ளஃப் செய்யலாமா? – பாபநாசம் வாசகர்

செய்யலாம், ஃபோல்ட் செய்யத் தெரிந்தவரைத்தான் ப்ளஃப் செய்ய முடியும். அளவு முக்கியம். ரிவரில் பாட் அளவு பெட் என்றால் இரண்டு நல்ல கைக்கு ஒரு ப்ளஃப். பாதி பாட் என்றால் மூன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு கால் செய்வார். குறைந்தால் உங்கள் நல்ல கைக்குக் காசே கொடுக்க மாட்டார். நம் ஊர் மேசைகளில் நல்ல கைக்கு ‘ஓடிவிடுவாரோ’ என்று 15-ம், ப்ளஃப்புக்கு ‘ஓடட்டும்’ என்று 50-ம் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தேர்ந்தவர் இரண்டு சுற்றில் இதைப் படித்துவிடுவார். ஒரே தெரு, ஒரே மாதிரி போர்டு என்றால் இரண்டுக்கும் ஒரே தொகை போடுங்கள்.

புளியங்கொட்டை வைத்துத்தான் ஆடுகிறோம். யாரும் ஃபோல்டே செய்வதில்லை. காசு வைத்தால்தான் பழக முடியுமா? காசு கட்டி இணையத்தில் ஆடச் சட்டம் விடுமா? – நாகப்பட்டினம் வாசகர்

காசு வேண்டாம். தீர்ந்ததும் டப்பாவிலிருந்து இன்னொரு பிடி அள்ளுவதால்தான் யாரும் விடுவதில்லை. ஆளுக்கு 200, தீர்ந்தால் அன்றைக்கு வெளியே. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ப்ளைண்ட் ஏறும். இடத்துக்கு ஏற்ப மதிப்பெண், விடுமுறை முழுக்க ஒரே நோட்டில் தொடர்ந்து எழுதப்படும். இவ்வளவு செய்தாலே ஃபோல்ட் தானாக வரும். எண்ண வசதியாகப் புளியங்கொட்டை 1, சோழி 5, பெரிய பட்டன் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் கேட்டிருந்தீர்கள். 2022-ன் தமிழ்நாட்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியல் செல்லாது என்றது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி இணையத்தில் ஆடும் எல்லாவற்றையும் தடை செய்கிறது. ‘இது ஸ்கில் கேம் அண்ணே’ என்று யாராவது ஆப் லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள்.

அவர்தான் விடாமல் ஏற்றுகிறாரே, ஏஸ்-ஏஸ் வந்தால் பதுங்கி ஆடலாமா? – வேதாரண்யம் வாசகர்

ஃப்ளாப்புக்குப் பிறகு, போர்டைப் பார்த்து. ராஜா-7-2 மூன்றும் மூன்று சூட் என்றால் செக் செய்து கால் செய்யுங்கள். அவருக்கு உதவும் சீட்டு குறைவு, ப்ளஃப் செய்ய இடம் கொடுப்பது லாபம். ஜாக்-10-8 இரண்டு ஆட்டின் என்றால் பதுங்காதீர்கள்; டர்னில் விழும் பல சீட்டுகள் உங்கள் ஜோடியைக் கெடுக்கும் அல்லது அவரைப் பயமுறுத்தி பெட்டை நிறுத்தும்.

ஃப்ளாப்புக்கு முன்னால் பதுங்குவது பெரும்பாலும் வீண். நீங்கள் பட்டனில் 5, அவர் பெரிய ப்ளைண்டிலிருந்து 20. வெறும் கால் என்றால் பாட் 41, கையில் 180. முழுதும் உள்ளே போக மூன்று தெரு வேண்டும். 48-க்கு ஏற்றி அவர் கால் செய்தால் பாட் 97, கையில் 152. ஃப்ளாப்பில் 50, டர்னில் மீதி 102 என்று இரண்டே பெட்டில் முடியும். முதல் பதிலில் சொன்ன ஏஸ்-5-ஐயும் அவ்வப்போது இதே 48-க்கு ஏற்றிவந்தால்தான் அவர் ராணி-ராணியோடு தங்குவார்.