ஐஆர் லேசர், மாஸ் ஸ்பெக் டவுட்டு எல்லாம் இங்க கேளுங்க

பெங்களூர்ல ஒரு மாஸ் ஸ்பெக் (மாலிக்யூல சார்ஜ் ஏத்தி எடை பாக்கற மெஷின்) லேப்ல தான் நமக்குப் பொழப்பு, யூவி மால்டியும் (லேசர உறிஞ்சற மேட்ரிக்ஸ்ங்கற பொருள்ல சாம்பிள கலந்து புற ஊதா லேசரால சுடறது) ஐஆர், அதாவது அகச்சிவப்பு லேசர் செட்டப்பும் பக்கத்துப் பக்கத்துல ஓடுது. தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

பிஎச்டி_தம்பி: அக்கா, எர்பியம் யாக்ங்கற ஐஆர் லேசரோட வேவ்லெங்த் 2.94 மைக்ரான், அதோட ஒரு ஃபோட்டான்ல 0.42 எலக்ட்ரான் வோல்ட் தான் இருக்கு. ஆர்கானிக் மாலிக்யூல்ல ஒரு எலக்ட்ரான உருவ 8, 9 வேணுமே, கணக்கு உதைக்குதே?

கணக்கு சரிதான் தம்பி, லேசர் அயனாக்குதுன்னு நெனச்சது தான் தப்பு. 337 நானோமீட்டர் நைட்ரஜன் லேசர்லயே ஃபோட்டானுக்கு 3.7 தான், அதுவும் ஒத்த ஃபோட்டான்ல முடியாது. ஐஆர்ல அந்த 2.94 தண்ணியோட ஓ-எச் பாண்டு நல்லா உறிஞ்சுற இடம், அதனால சாம்பிள்ல இருக்கற தண்ணி சில நானோசெகண்டுல சூடாகி நிதானமா கொதிக்க நேரமே இல்லாம வெடிக்குது, தாளிக்கிறப்போ எண்ணெய்ல தண்ணி சொட்டு விழுந்தா தெறிக்குமே அப்படி. தெறிச்சு வர்றதுல பெரும்பங்கு நியூட்ரல் மாலிக்யூலும் குட்டிக் குட்டித் துளியும் தான், ஏற்கனவே புரோட்டானோ சோடியமோ ஒட்டி சார்ஜ் ஆனது கொஞ்சூண்டு. அந்தக் கொஞ்சத்த வச்சே 1990ல ஹில்லன்காம்ப், காராஸ் குரூப் பெரிய பயோமாலிக்யூலுக்கு இதே 2.94ல மால்டி பண்ணிக் காட்டிட்டாங்க.

பிஎச்டி_தம்பி: அப்போ அந்த நியூட்ரல் எல்லாம் வேஸ்டா?

அதுக்குத் தான் லேஸி (LAESI), ஐஆர் லேசரையும் எலக்ட்ரோஸ்ப்ரேயையும் சேத்த முறை. தெறிச்சு மேல வர்ற புகைக்குக் குறுக்கால எலக்ட்ரோஸ்ப்ரே (ஈஎஸ்ஐ, ஹை வோல்டேஜ்ல சார்ஜ் ஏத்தின திரவத் தூறல்) விட்டா சார்ஜ் ஆன துளி போய் நியூட்ரல புடிச்சுக்குது, ஈஎஸ்ஐ மாதிரியே மல்டிப்பிள் சார்ஜும் வருது. 2007ல நெமேஷும் வெர்டெஷும் கொண்டு வந்தது. வேக்யூம் வேணாம், மேட்ரிக்ஸ் தடவ வேணாம், பச்சை இலைய அப்படியே வச்சு சுடலாம். சுட்டப்புறம் மைக்ரோஸ்கோப்ல பாருங்க, இலைல வட்ட வட்டமா ஓட்டை, ஓரத்துல கருகலே இல்லாம சுத்தமா இருந்தா எனர்ஜி சரின்னு அர்த்தம்.

மும்பை_மாமி: நாங்க சாம்பிள் மேல ஐஸ் படிய வச்சு சுடறோம், ஜூன் பொறந்தாலே சிக்னல் கன்னாபின்னான்னு குதிக்கறது. லேசர் சர்வீஸ்காராள கூப்பிடணுமா?

கூப்பிடாதீங்க மாமி, பாவம் லேசர் என்ன பண்ணும். ஸ்டேஜ மைனஸ் 10 கிட்ட வச்சு காத்துல இருக்கற ஈரத்துல தானே ஐஸ் படிய விடறீங்க, உங்க ஊர் மழைக்கால ஈரத்துக்கு அது சட்டுனு தடியாயிடும், லேசர் ஐஸ்லயே தீந்து போயிடும். சேம்பர மூடி டிரை நைட்ரஜன் விட்டு, ஹ்யூமிடிட்டி மீட்டர உள்ள வச்சு, ஒரே அளவுல புடிச்சு வைங்க.

ஃபார்மா_அண்ணாச்சி: யூவி மால்டிய தூக்கிட்டு ஐஆர் வாங்கலாமான்னு மேனேஜர் கேக்காரு.

வேணாம் அண்ணாச்சி. உங்க வேலைக்கு சென்சிட்டிவிட்டி தான முக்கியம், அதுல யூவி தான் கில்லி. ஐஆர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மைக்ரான் கணக்குல ஆழமா தோண்டும், சாம்பிள் சீக்கிரம் காலி. இமேஜிங்குக்கும் ஸ்பாட்டு பெருசு, வேவ்லெங்த் நீளம்னா சின்னதா ஃபோகஸ் பண்றது கஷ்டம். ஈரமான திசு, இலை, சட்டுனு ஒடையற பெரிய மாலிக்யூல், இதுக்கு மட்டும் ஐஆர் பக்கம் வாங்க. கிளிசரால மேட்ரிக்ஸா போட்டு 2180 நியூக்ளியோடைடு (டிஎன்ஏ, ஆர்என்ஏ சங்கிலியோட ஒரு கண்ணி) நீளம் வரைக்கும் 1998லயே பாத்துட்டாங்க.

லேப்_புதுசு: பீம் எங்க விழுதுன்னே தெரியல, ஐஆர் பட்டா மினுங்கற கார்டும் மினுங்கல, என்ன செய்ய?

சாதா கார்டுக்கு 2.94 எட்டாது. தர்ஷினில டிபன் சாப்ட்டா தர்ற பில்லு இருக்குல்ல, தெர்மல் பேப்பர், அத வைங்க, எனர்ஜிய கம்மி பண்ணி ஒரு ஷாட் விடுங்க, கறுப்பா புள்ளி விழும். லென்ஸ் கால்சியம் ஃப்ளூரைடு தானான்னு பாத்துக்கோங்க, சாதா கண்ணாடி உறிஞ்சிடும். 2.94க்கு ரேட் பண்ண காகிள்ஸ் இல்லாம உள்ள போகவே போகாதீங்க, ரெட்டினா வரைக்கும் போகாதுங்கறத நம்பி நிறைய பேர் அசால்ட்டா இருக்காங்க, கார்னியா வெந்துடும்.

லேப்_புதுசு: பல் டாக்டர் யூஸ் பண்றதும் இதே வேவ்லெங்த் தானாமே, செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது, வாங்கிடவா?

வேவ்லெங்த் அதே தான், பல்ஸ் தான் வேற. அது நூத்துக்கணக்கான மைக்ரோசெகண்ட் நீளம், சூடு சுத்தி பரவி சாம்பிள் வெந்து தான் போகும். நமக்கு க்யூ-ஸ்விட்ச் (எனர்ஜிய சேத்து வச்சு ஒரே அடியா விடற சுவிட்ச்) போட்டு நூறு நானோசெகண்ட் கிட்டயாவது வரணும், ஓபிஓ (வேவ்லெங்த்த மாத்திக்கக் கூடியது) லேசர்னா சில நானோசெகண்ட், இன்னும் நல்லது. காச வேற எதுக்காவது வைங்க.