துணைக் கேள்விக்கென்று ஒரு தாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் மாதம் 1,640 ரூபாய் வருகிறது. குறைந்தபட்ச பென்ஷனை 1,000 ரூபாயிலிருந்து உயர்த்தும் எண்ணம் உண்டா என்று நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டால் அந்தப் பதிலைத் தேடிப் படித்துவிடுவேன். பல வருடங்களாக ஒரே பத்தியைத்தான் திருப்பித் திருப்பித் தருகிறார்கள். சிறுதொழில், ரயில், சாலை பற்றிய பதில்களும் இப்படித்தான். ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’, ‘இது மாநில அரசின் பொறுப்பு’, ‘கேள்வி எழவில்லை’. நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் செலவாகும் சபையில் இந்தக் கேள்வி நேரம் எதற்கு? ரத்து செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கேட்கிற எம்.பி.க்களுக்குப் படிப்பு போதவில்லையோ என்றுகூடத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய ஆசை.

கே., நாமக்கல்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் பழைய நாடாளுமன்றப் பதில்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

எம்.பி.க்களின் படிப்பை விடுங்கள். நல்ல கேள்வி கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. நிமிடத்துக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கையும் விடுங்கள், அது வாட்ஸாப்பில் சுற்றுவதற்கென்றே பிறந்த கணக்கு. ஆனால் ‘ரத்து செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ரத்து செய்துதான் பார்த்தார்களே தம்பி. 1975இல் நெருக்கடி நிலையின்போது செய்தார்கள். 2020 செப்டம்பரில், பெருந்தொற்றைக் காரணம் காட்டி மறுபடியும் செய்தார்கள். அந்த 2020 கூட்டத்தொடரில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன், நஷ்டம் யாருக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விவரம். கேள்வி நேரம் என்பது ஒரு மணி நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு வரும். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். நேரம் போதாமல் நாலைந்து கேள்விகள்தான் எடுக்கப்படும், ஆனாலும் அந்த நாலைந்தில்தான் உயிர் இருக்கிறது. நட்சத்திரம் இல்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு முடிந்தது. வாயால் பதில் சொன்னால் கேட்டவர் மறுபடி எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம், பக்கத்தில் இருப்பவரும் கேட்கலாம். 2020 செப்டம்பரில் ரத்தானது இந்த நட்சத்திரக் கேள்விகள்தான். எழுத்துப் பதில்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

அந்தக் கூட்டத்தொடரின் முதல் நாள், செப்டம்பர் 14. ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கேள்வி. அரசுக்குத் தெரியுமா, எத்தனை பேர், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா? தொழிலாளர் நல அமைச்சகத்தின் பதில்: அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படுவதில்லை. இழப்பீடு? மேற்கண்ட பதிலைக் கருதி, கேள்வி எழவில்லை. ஆனால் அன்றைக்கு அதே அமைச்சகம், ஊர் திரும்பியவர்கள் 1 கோடியே 4 லட்சத்துக்கும் மேல் என்று மாநிலவாரியாகக் கணக்குக் கொடுத்திருந்தது. வீடு போய்ச் சேர்ந்தவர்களை எண்ண முடிந்த அரசுக்குச் சேராதவர்களை எண்ண முடியவில்லை. ‘எப்படி?’ என்று அமைச்சரை நிறுத்திக் கேட்க வேண்டிய இடம் அதுதான். கேட்பதற்கு வழியே இல்லை, ஏனென்றால் நீங்கள் வேண்டாம் என்கிற அந்த ஒரு மணி நேரம் அன்றைக்கு இல்லை.

அப்புறம் அதே வாரத்தில் மாநிலங்களவையில் எதிர்க்கட்சி எம்.பி. டெரிக் ஓ’பிரையன் கேட்ட கேள்விக்கு ரயில்வே அமைச்சகத்திடமிருந்து ஒரு பதில் வந்தது. ஊரடங்கில் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச்சென்ற ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை இறந்தவர்கள் 97 பேர். 87 உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன, 51 அறிக்கைகள் வந்திருக்கின்றன. மாநிலப் போலீஸ் கொடுத்த தகவல் அது. திங்கட்கிழமை ‘தரவு இல்லை’ என்ற அதே அரசிடம் வார இறுதிக்குள் உடல் கணக்கு, பரிசோதனைக் கணக்கு எல்லாம் இருந்தது. இரண்டு பதிலிலும் எழுத்துப்படி பொய் கிடையாது, தம்பி. தொழிலாளர் அமைச்சகத்தின் பதிவேட்டில் இறப்பு என்று ஒரு பத்தி இல்லை, அதனால் இல்லை என்றார்கள். ரயில்வேயிடம் ரயிலைக் குறித்துக் கேட்டதால் எண் வந்தது. எந்தப் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து கேட்டால் கிடைக்கிறது. பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லில் கதவைச் சாத்துகிறார்கள்.

அந்த 97இலும் எல்லோரும் இல்லை. 2020 மே 8 அதிகாலை, அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. ஜால்னாவில் இரும்பாலையில் வேலை செய்தவர்கள். புசாவல் போனால் ரயில் கிடைக்கும் என்று நடந்தவர்கள். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படம் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் ஷ்ராமிக் ரயிலில் பயணம் செய்யவில்லை, ரயிலைத் தேடி நடந்தார்கள். ஆகவே அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். தொழிலாளர் அமைச்சகம் கணக்கே வைக்கவில்லை. தொழில், போக்குவரத்து, நலன் என்று மூன்று துறைகளும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டிய 16 உயிர்கள், இந்த இரண்டு பதிலிலும் இல்லாமல் போயின.

பதில் எழுதுவது எப்படி என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அப்பா போக்குவரத்துக் கழகம் ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். சட்டமன்றம் கூடினால் அவர் எத்தனை மணிக்கு வீடு வருவார் என்று சொல்ல முடியாது. ‘சட்டமன்றக் கேள்வி, மிக அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதிய தாள் வரும். மற்ற கோப்புகளை மூடிவிட்டு அதைத்தான் பார்க்க வேண்டும். டிப்போவுக்குப் போன் போட்டு, தடம் எண், நடைக் கணக்கு, வசூல் எல்லாம் வாங்கி, வரைவு எழுதி, கண்காணிப்பாளர் திருத்தி, தட்டச்சு செய்து, மேலே போகும். போகப் போக ஒவ்வொரு மேசையிலும் ஒரு வரி குறையும்.

எங்கள் ஊருக்கு ஒரு நைட் ஹால்ட் வண்டி இருந்தது. ராத்திரி கடைசி நடையாக வந்து கோயில் பக்கத்தில் நிற்கும், டிரைவரும் கண்டக்டரும் சாவடியில் படுத்துக்கொள்வார்கள். விடிவதற்கு முன் பால்கேனும் பூக்கூடையுமாக முதல் நடை கிளம்பும். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு வண்டி ஊருக்குள் வருவதை நிறுத்திக்கொண்டது. மூன்று கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டு விலக்கிலேயே திரும்பிவிடும். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து விலக்கு வரை நடந்தோம். பிரசவ வலி வந்தவர்களைக் கட்டை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வி போட்டார். இந்தத் தடத்தில் பேருந்து நிறுத்தப்பட்டுள்ளதா, ஆம் எனில் காரணம் என்ன, மீண்டும் இயக்க அரசு முன்வருமா? பதில்: (அ) இல்லை. மேற்படி தடத்தில் நாள்தோறும் நான்கு நடைகள் தொடர்ந்து இயக்கப்பட்டு வருகின்றன. (ஆ), (இ) எழவில்லை.

அந்த வரைவை எழுதியவர் என் அப்பா. தன் ஊர் பஸ்ஸைப் பற்றி, தன் மகள் விலக்கு வரை நடந்துபோவது தெரிந்தே எழுதினார். எனக்கு அப்போது தெரியாது. அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது நான் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார், “நிறுத்தியாச்சான்னு கேட்டார். நிறுத்தலை. நாலு நடையும் ஓடுது. ஊருக்குள்ள வருதான்னு கேட்கலையேம்மா.”

அப்புறம் இன்னொன்று சொன்னார். பதிலோடு அமைச்சருக்கு இன்னொரு தாள் போகும். துணைக் கேள்விகளுக்கான குறிப்பு. யாராவது எழுந்து மேற்கொண்டு கேட்டால் அமைச்சர் திணறக் கூடாது என்பதற்காக, உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுப்பது. அது சபையில் வைக்கப்படாது, அமைச்சரின் கையில் மட்டும் இருக்கும். அப்பா அதில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். விலக்கிலிருந்து ஊர் வரை உள்ள ஒன்றியச் சாலை மழையில் அரிக்கப்பட்டதால் வண்டி விலக்குடன் திரும்புகிறது, சாலையைச் செப்பனிட்டால் ஊர் வரை இயக்கலாம், மாணவர்கள் சிரமப்படுகிறார்கள். அந்தத் தாள் அன்றைக்கு அமைச்சரின் கோப்பில் இருந்தது. எம்.எல்.ஏ. எழுந்து, “வண்டி எந்த இடம் வரைக்கும் போகிறது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அமைச்சர் அதைப் படித்திருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. ‘இல்லை’ என்ற பதிலோடு உட்கார்ந்துவிட்டார். சாலை போட்டு வண்டி உள்ளே வருவதற்குள் நான் அந்தப் பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டேன்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான். முதல் பதிலில் உண்மையைத் தேடாதீர்கள். முதல் பதில் கதவின் தாழ்ப்பாள். எந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உண்மை துணைக் கேள்விக்கான குறிப்பில், அமைச்சரின் கைக்குள் காத்திருக்கிறது. அதை வெளியே எடுக்க இரண்டாவது கேள்வி வேண்டும். அதற்குத்தான் தம்பி அந்த ஒரு மணி நேரம். அதைக் கூச்சலில் வீணாக்குகிற எம்.பி.க்கள் மீது எனக்கும் ஆத்திரம் உண்டு. தன் கேள்வி பட்டியலில் வந்த நாளில் சபைக்கே வராமல் போகிறவரை அவருடைய தொகுதிக்காரர்கள் மன்னிக்கவே கூடாது. அந்த ஆத்திரத்தில் நீங்கள் போய்க் கேள்வி நேரத்தையே மூடச் சொல்கிறீர்கள். எந்த அமைச்சரைக் கேட்டாலும் அதற்கு சந்தோஷமாகச் சம்மதிப்பார்.

விடாமல் கேட்டதற்குப் பலன் கிடைத்த கதையும் உண்டு. எல்.ஐ.சி. தொடங்கிய மறு வருடம், 1957இல், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நலிந்த கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ராம் சுபக் சிங் மக்களவையில் கேட்டார். நழுவலாகப் பதில் வந்தது. ஆளுங்கட்சிக்காரரான ஃபெரோஸ் காந்தி, பிரதமரின் சொந்த மருமகன், விடவில்லை. விஷயம் நீதிபதி சாக்ளாவின் பொது விசாரணை வரைக்கும் போய், 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். எல்லாம் ஒரு பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாததால் வந்தது.

இன்னொன்று. ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்ற பதிலைக் கேலி செய்திருக்கிறீர்கள். மூன்றிலும் உருப்படியானது அதுதான்! அப்படிச் சொன்னால் அது அரசின் உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், நிறைவேற்றினார்களா என்று பார்க்க 1953 முதல் மக்களவையில் தனிக் குழுவே இருக்கிறது. இழுத்தடிப்பார்கள்தான், ஆனாலும் அது கணக்கில் நிற்கும். ‘தரவு பராமரிக்கப்படுவதில்லை’ என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. நீங்கள் கோபப்பட வேண்டியது அந்த வரியைப் பார்த்துத்தான். பதில் திருப்தி இல்லையென்றால் அரை மணி நேர விவாதம் கேட்கவும் மக்களவை விதி 55 இடம் தருகிறது. உங்கள் எம்.பி.யிடம் அந்த விதி எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, உங்கள் அப்பா பென்ஷனுக்கு வருகிறேன். அந்தப் பத்தி எனக்கும் மனப்பாடம். முதலாளியின் பங்கு 8.33 சதவீதம், 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு மத்திய அரசின் பங்கு 1.16 சதவீதம், நிதியை மதிப்பிட்டதில் பற்றாக்குறை, 1,000 ரூபாயையே பட்ஜெட் உதவியோடுதான் தருகிறோம். 78 லட்சத்துக்கும் மேற்பட்ட பென்ஷன்தாரர்களுக்கு 2014 செப்டம்பரிலிருந்து இந்த 1,000 ரூபாய்தான் தரைமட்டம். ‘உயர்த்தும் உத்தேசம் உண்டா’ என்று கேட்கும்வரை இந்தப் பத்திதான் வரும். உத்தேசத்தைக் கேட்காதீர்கள். எண்ணையும் தேதியையும் கேளுங்கள்.

உங்கள் எம்.பி.க்குப் பதிவுத் தபாலில் இப்படி எழுதுங்கள். (அ) மாதம் சரியாக 1,000 ரூபாய் மட்டும் பெறுவோர் மாநிலவாரியாக எத்தனை பேர். (ஆ) அந்த 1,000ஐ எட்டவைக்க மத்திய அரசு கொடுத்த தொகை 2014 முதல் ஆண்டுவாரியாக எவ்வளவு. (இ) உயர்த்துவது குறித்துத் தொழிலாளர் அமைச்சகம் நிதி அமைச்சகத்துக்கு எந்தெந்தத் தேதிகளில் எழுதியது, எந்தத் தேதிகளில் பதில் வந்தது. 150 வார்த்தைக்குள் அடங்கிவிடும். குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அப்புறம் குலுக்கலில் வேறு வர வேண்டும், அதனால் கூட்டத்தொடர் அறிவித்த உடனே கையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் நல்லது. நட்சத்திரக் கேள்வியாகவே போடச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர் சபையில் இருக்க வேண்டும் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள், அடுத்த கேள்வியைச் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
அக்கா