வாகனக் கேள்வி பதில்: காருக்குள் இரைச்சலைக் குறைக்க எந்த ஷீட்?

கேள்வி: தினமும் பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸுக்குப் பினாங்குப் பாலத்தின் வழியாக வேலைக்குச் சென்று வருகிறேன். என்னுடையது பழைய பெரோடுவா மைவி. பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே பின்னிருக்கையில் இருப்பவர் பேசுவது காதில் விழுவதில்லை. ஒரு கடையில் தார் ஷீட் ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் பியூட்டில் ஷீட்தான் நல்லது என்று மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். எதை வாங்கலாம்? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: இந்த இரண்டில் ஒன்று என்றால் தயங்காமல் பியூட்டிலையே வாங்குங்கள். ஆனால், முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் காரில் எழுவது எந்தச் சத்தம் என்று பார்த்துவிடுவது நல்லது. டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும், மறுபக்கமாகத் தடவும்போது ரம்பப் பல்லைப் போல உறுத்தலாகவும் இருந்தால், டயர் சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட டயரோடு ஓடும் காரில் எவ்வளவு விலையுயர்ந்த ஷீட்டை ஒட்டினாலும் உறுமல் அடங்காது. வேகம் ஏற ஏறக் கூடும் முனகல் சத்தம் ஒன்று, வளைவில் திரும்பும்போது மட்டும் மாறுகிறதென்றால், சக்கர பேரிங் பழுதாகி வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தச் சத்தத்தை ஷீட் ஒட்டி மறைப்பது உயிருக்கே ஆபத்தானது. முதலில் பட்டறையில் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் குறையவில்லை என்றால், ஷீட்டைப் பற்றி யோசிக்கலாம். உட்புற அட்டையைக் கழற்றிவிட்டுக் கதவின் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்கும். சாலையின் அதிர்வு சக்கரத்திலிருந்து காரின் உடலுக்கு ஏறும்போது, இப்படிப்பட்ட மெல்லிய தகடுகள் தாமும் அதிர்ந்து சத்தத்தை உள்ளே பரப்புகின்றன. பியூட்டில் ஷீட் என்பது ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் படலத்தின் மேல் அலுமினியத் தாள் பதித்தது. தகடு அதிர்ந்து வளையும்போது, தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ரப்பர் இழுபடுகிறது. அதிர்வின் ஆற்றல் சிறிதளவு வெப்பமாக மாறி அடங்கிப்போகிறது. ஒட்டிய பிறகு அதே இடத்தைத் தட்டிப் பாருங்கள், ‘டப்’ என்று மந்தமாகக் கேட்கும். இந்தப் பலனைப் பெற, தகட்டின் நடுப்பகுதியில் நான்கில் ஒரு பங்குப் பரப்பை மூடினாலே பெரும்பாலும் போதும். ஓர் அங்குலம் விடாமல் ஒட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஷீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ எடை இருக்கும். பணமும் பெட்ரோலும் வீணாகும்.

தார் ஷீட்டும் அதிர்வை ஓரளவு அடக்கத்தான் செய்கிறது. கார் தொழிற்சாலைகளே தரைப்பகுதியில் தார்ப் பட்டைகளைச் சூடாக்கிப் படியவைப்பதுண்டு. ஆனால், அவை படுத்த நிலையில் கிடப்பவை, கீழே வழிய வழியில்லை. கடையில் வாங்கி ஒட்டும் தார் ஷீட்டின் நிலை வேறு. நம் ஊர் நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும்; அந்தச் சூட்டில் கதவிலும் கூரையிலும் ஒட்டிய மலிவான தார் ஷீட் இளகி, நழுவி, கார் முழுவதும் நாற்றத்தைப் பரப்பும். சந்தேகமாக இருந்தால், இரண்டு கடைகளிலும் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, ஒரு பழைய பிஸ்கட் டின் மூடியில் அடுத்தடுத்து ஒட்டி, மூடியை டேஷ்போர்டின் மேல் செங்குத்தாகச் சாய்த்து ஒரு பகல் முழுக்க வெயிலில் விட்டுப் பாருங்கள். எது வழிந்தது, எது நாறுகிறது என்பது மாலையில் தெரிந்துவிடும்.

மைவியில் பொருட்கள் வைக்கும் இடத்துக்கும் பயணிகள் அமரும் இடத்துக்கும் நடுவே தடுப்பு இல்லாததால், பின்சக்கரத்தின் சத்தம் நேராக உள்ளே வருகிறது. ஆகவே, பின்சக்கர வளைவுகள், பின்பக்கத் தரை, பிறகு முன்தரை, கடைசியாகக் கதவுகள் என்ற வரிசையில் வேலையைச் செய்யச் சொல்லுங்கள். தகட்டில் எண்ணெய்ப் பசையும் தூசியும் இல்லாமல் ஆல்கஹால் கொண்டு துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். அலுமினியத்தின் மேலுள்ள புடைப்புகள் தட்டையாகும்வரை உருளையால் அழுத்த வேண்டும். வேலை நடக்கும்போது நீங்கள் அருகில் நின்று பார்ப்பது தவறில்லை.

அதிர்வு அடங்கிய பிறகும், காற்றின் வழியே வரும் டயர் இரைச்சல் மிஞ்சும். அதைத் தடுப்பது எடை. கனமான வினைல் விரிப்பை, மெல்லிய ஃபோமின் மேல், தகட்டைத் தொடாமல் தரையில் விரிக்க வேண்டும். சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடையுள்ளது கிடைக்கிறது. இங்கே அதிர்வுக்குச் சொன்ன கணக்குச் செல்லாது, இடைவெளியே இருக்கக் கூடாது. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், எவ்வளவு கனமான விரிப்பாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் குறைக்க முடியாது.

கேள்வி: மழை பெய்தால் காரின் கூரையில் விழும் சத்தத்தில் வானொலிகூடக் கேட்பதில்லை. கூரைக்கும் ஷீட் ஒட்டலாமா? (வாசகர், செத்தாப்பாக், கோலாலம்பூர்)

பதில்: தாராளமாக ஒட்டலாம். செலவழித்த பணத்துக்கு உடனே பலன் தெரியும் இடம் கூரைதான், ஏனென்றால் அது அகலமான, தாங்கல் குறைந்த தகடு. குறுக்குச் சட்டங்களுக்கு நடுவிலுள்ள பகுதிகளில் பியூட்டில் துண்டுகளை ஒட்டினால் போதும். தலைக்கு மேலிருக்கும் இடமாதலால் அங்கே தார் ஷீட் வேண்டவே வேண்டாம். உங்கள் காரில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருந்தால் அது கூரையின் ஓரமாகவே மடிந்திருக்கும். அதன் மேலோ, அது விரியும் வழியிலோ எதையும் ஒட்டக் கூடாது. கூரைத் துணியைக் கழற்றி மாட்டிப் பழகிய பட்டறையிடம் மட்டுமே ஒப்படையுங்கள்.

கேள்வி: முட்டை அட்டை வடிவிலுள்ள ஸ்பாஞ்ச் மலிவாகக் கிடைக்கிறது. கதவுக்குள் அதை வைத்தால் என்ன? (வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: வேண்டாம். மழைநீர் கண்ணாடியோரமாகக் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவு அமைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பாஞ்ச் அந்த நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டால் பூஞ்சை பிடிக்கும், தகடு துருப்பிடிக்கும். நீர் உறிஞ்சாத பாலியஸ்டர் இழை விரிப்போ மூடிய கண்ணறை ஃபோமோ பயன்படுத்துங்கள். எதை வைத்தாலும் அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்காகப் பிரித்த உட்புற பிளாஸ்டிக் தாளையும் மறக்காமல் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.