பாக்கெட் பிஸ்டலுக்கு எந்த உறை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹூஸ்டனில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரவு கடையை மூடிவிட்டுப் பணத்தோடு கிளம்பும்போது பயமாக இருக்கிறது என்று ரூகர் எல்சிபி மேக்ஸ் என்ற சின்ன பிஸ்டல் வாங்கினேன். பேன்ட் பாக்கெட்டில் வைக்க உறை தேடினால் துணி, தோல், கைடெக்ஸ் என்று ஏகப்பட்ட வகை. எதை வாங்குவது? உறையே இல்லாமல் சும்மா பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் என்ன?
எஸ்.கே., ஹூஸ்டன்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது, ஒரு நாள்கூடக் கூடாது. 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் பிளாக்சிகோ பர்ரஸ் என்ற பிரபல அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் உறை இல்லாமல் இடுப்பில் செருகியிருந்த பிஸ்டல் கால்சட்டைக்குள் நழுவியது, அவர் சட்டென்று பிடிக்கப் போக விசை (டிரிகர்) அழுந்தி, குண்டு அவருடைய தொடையிலேயே பாய்ந்தது. அங்கே செல்லுபடியாகும் உரிமமும் அவரிடம் இல்லாததால் 2 வருடச் சிறைத் தண்டனை வேறு. உங்கள் பிஸ்டலின் சாதாரண மாடலில் கையால் போடுகிற சேஃப்டி கிடையாது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடத்தில், தோட்டா இருக்கும்போது விசைக்கு நடுவில் ஒரு சாவியோ பேனாவோ மாட்டினால் போதும். அதனால் உறையின் முதல் வேலை விசையை மூடுவது. துப்பாக்கியை மறைப்பதும், கைப்பிடி எப்போதும் மேலே இருக்கும்படி நிறுத்தி வைப்பதும் அதற்கு அப்புறம்தான்.

இப்போது வகைகள். துணி உறைகளில் டிசான்டிஸ் நெமசிஸ் மாதிரியானவை அதிகம் விற்கின்றன, வெளிப்புறம் பாக்கெட் துணியோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே வழுவழு என்று இருக்கும், விலையும் குறைவு, பாக்கெட்டில் பர்ஸ் இருக்கிற மாதிரிதான் வெளியே தெரியும். ஆனால் மெத்தென்று இருப்பதால் வெளியில் இருந்து அழுத்தினால் அந்த அழுத்தம் விசை வரைக்கும் போகுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். தோல் உறை உறுதியாக இருந்தால் அருமையான பொருள்தான், ஆனால் ஹூஸ்டன் புழுக்கத்தில் நாள் முழுக்க வியர்வையில் ஊறினால் நாளடைவில் தளர்ந்துவிடும், தளர்ந்த தோல் மடிந்து விசைப் பக்கம் போனால் துப்பாக்கியை உள்ளே செருகும்போதே வெடிக்கலாம். கைடெக்ஸ் என்பது சூடாக்கி அச்சில் அழுத்தி வடிவமைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக், வியர்வை அதை ஒன்றும் செய்யாது, விசைப் பகுதியை ஓடு மாதிரி மூடிவிடும். கொஞ்சம் தடிமன், கையில் கெட்டியாக உறுத்தும், சரி, பரவாயில்லை. உங்கள் ஊருக்கும் வேலைக்கும் நான் கைடெக்ஸைத்தான் சொல்வேன், ஓரத்தில் கொக்கி போல ஒரு நீட்டல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், துப்பாக்கியை உருவும்போது அது பாக்கெட் விளிம்பில் மாட்டி உறையை உள்ளேயே நிறுத்திவிடும்.

‘எல்லா சின்ன பிஸ்டலுக்கும் பொருந்தும்’ என்று போட்ட உறை வேண்டவே வேண்டாம். எல்சிபி, எல்சிபி டூ, எல்சிபி மேக்ஸ் மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் அளவு வேறு வேறு, உங்கள் மாடல் பெயர் போட்டதைத்தான் வாங்க வேண்டும். குறிபார்க்கும் லேசர் பொருத்தியிருந்தால் அதற்கென்று செய்ததையே கேட்டு வாங்குங்கள்.

வாங்கி வந்ததும் வீட்டில் ஒரு சோதனை. தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) இழுத்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள், தோட்டாக்கள் அத்தனையும் வேறு அறைக்குப் போகட்டும். பிறகு ஸ்லைடை ஒரு தடவை முழுக்க இழுத்துவிட்டு பிஸ்டலை உறையில் செருகி, ஆளில்லாத பக்கமாகப் பிடித்துக்கொண்டு, விசை இருக்கும் இடத்தில் வெளியில் இருந்து கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். ‘க்ளிக்’ என்று கேட்டால் விசை அழுந்திவிட்டது என்று அர்த்தம், அந்த உறையை அப்படியே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பாருங்கள், நழுவி விழக்கூடாது.

உருவிப் பழகுவதையும் காலித் துப்பாக்கியில்தான் செய்ய வேண்டும். பாக்கெட்டுக்குள் கையை முஷ்டியாக மடக்கினால் வெளியே வராது, அதனால் கட்டைவிரலை ஸ்லைடின் பின்பக்கத்தில் வைத்துக் கையைத் தட்டையாக வெளியே கொண்டுவர வேண்டும், விரல் விசைக்குப் போகவே கூடாது. திரும்ப வைக்கும்போது பலரும் பாக்கெட்டுக்குள் இருக்கும் உறையிலேயே குத்துமதிப்பாகச் செருகுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உறையை வெளியே எடுத்து, கண்ணால் பார்த்துச் செருகி, இரண்டையும் சேர்த்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் கடைச் சாவி, சில்லறை, போன் எதுவும் இருக்கக்கூடாது. வாரம் ஒரு முறை பாக்கெட்டுப் பஞ்சைத் துடைத்து எடுங்கள், அது குழலுக்குள் எல்லாம் போய் அடைந்திருக்கும். இன்னொன்று, காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி பேன்ட் பாக்கெட்டில் இருந்து உருவுவது மிகவும் கஷ்டம். பணப்பையோடு காரில் ஏறுவதுதான் உங்கள் பயம் என்றால், இரண்டு பேராகக் கடையை மூடுவதும் வெளிச்சத்தில் கார் நிறுத்துவதும்தான் இந்தப் பிஸ்டலைவிட அதிகம் உதவும்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதானவர்கள், சட்டத் தடை ஏதும் இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். ஆனாலும் வகுப்புக்குப் போய் மாநில உரிமம் வாங்கிவிடுங்கள். பள்ளியில் இருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு ஃபெடரல் (மத்திய அரசு) சட்டத்தில் தடை இருக்கிறது, மாநில உரிமம் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு.

கேள்வி: என் உடைகளில் பாக்கெட்டே சரியாக இருப்பதில்லை. உறையோடு கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா? மூன்று வயதுப் பையன் இருக்கிறான்.
வி., டாலஸ்

பதில்: பையன் கூட வரும் நாட்களில் வேண்டாம் அம்மா. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோவில் ஹேடன் என்ற ஊரில் கடைக்குப் போன ஒரு தாயின் கைப்பையில் இருந்த பிஸ்டலை அவருடைய இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டதில் அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனார். அந்தப் பை துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை வைத்துத் தைத்தது. பை உடம்பை விட்டு விலகிக்கொண்டே இருக்கும், ஷாப்பிங் வண்டியில் வைப்போம், சோபாவில் போடுவோம், குழந்தை எந்த நேரம் அதற்குள் கையை விடும் என்று சொல்ல முடியாது. உடம்போடு ஒட்டிய இடுப்புப் பட்டை உறை ஒன்றைப் போட்டுப் பாருங்கள், அது சரிப்படாவிட்டால் எடுத்துப் போகாமல் இருப்பதே நல்லது. வீட்டுக்குள் வந்தவுடன் துப்பாக்கி பூட்டும் பெட்டிக்குள் போய்விட வேண்டும். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் லோடு செய்த துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக வைத்தால் டெக்சாஸில் அது குற்றம்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர் தன் பழைய பிஸ்டலை உறையோடு சும்மா தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
பெயர் வேண்டாம், ஆஸ்டின்

பதில்: வாங்காதீர்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம், 15 வருடம் வரை சிறை உண்டு, நாடு கடத்தவும் முடியும். மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது என்பது உண்மைதான், அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். கிரீன் கார்டு கைக்கு வந்தால் இந்தத் தடை உங்களுக்கு இருக்காது.