வெளிநாட்டு வேலை கேள்வி-பதில்: பஸ்ராவில் நாலு ஆம்பியர்

எங்க வீட்டுக்காரர் ஈராக்கில் பஸ்ராவுக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகிறார். நாலு பேர் தங்கும் அறைக்கு "நாலு ஆம்பியர் ஜெனரேட்டர் லைன் உண்டு" என்கிறார் ஏஜெண்ட். அது போதுமா? கவர்மெண்ட் கரண்ட் கிடையாதா?
வாசகி, அம்பாசமுத்திரம்

உண்டு, ஆனால் விட்டு விட்டுத்தான் வரும். 1991 வளைகுடாப் போரில் மின் நிலையங்கள் குண்டுவீச்சில் நொறுங்கின. பொருளாதாரத் தடையால் உதிரிபாகமும் கிடைக்கவில்லை. 2003 ஏப்ரலில் சதாம் உசேன் ஆட்சி விழுந்த பிறகு உள்நாட்டுச் சண்டை, 2014 முதல் ஐ.எஸ். அமைப்போடு போர். பஸ்ராவில் கோடை வெயில் 50 டிகிரியைத் தொடும்போது மின் தேவை எகிறும், சப்ளை ஈடுகொடுக்காது. அந்த நேரத்துக்குத்தான் தெருவில் தனியார் டீசல் ஜெனரேட்டர். ஆம்பியருக்கு இவ்வளவு தினார் என்று மாதச் சந்தா. 24 மணி நேர லைனுக்கு விலை கூடுதல்.

நாலு ஆம்பியரை 220 வோல்ட்டால் பெருக்கினால் 880 வாட். இரண்டு ஃபேன் 150, நாலு எல்.இ.டி. பல்பு 40, போன் சார்ஜர்கள் 60, சின்ன ஃபிரிட்ஜ் 150 என்று வைத்தால் 400 ஆயிற்று. மிச்சத்தில் 250 வாட் ஏர்கூலர் ஓடும். ஆனால் கம்ப்ரெஸர் கிளம்பும் நொடியில் ஃபிரிட்ஜ் நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கையில் அது கிளம்பினால் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆக வாய்ப்பு உண்டு. இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், இந்த லைன் அதைத் தாங்காது. வறண்ட ஜூன் மாதத்தில் கூலர் நன்றாகக் குளிரும். ஆகஸ்டில் வளைகுடாக் காற்று ஈரத்தோடு வீசும்போது கூலரால் பயனில்லை, ஏ.சி. வேண்டும். ஒரு டன் ஏ.சி.க்கே ஐந்து ஆம்பியர். ஆகவே அறைக்குப் பத்து ஆம்பியர், 24 மணி நேர லைன் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். நாலு ஆம்பியரில் நாலு பேர் ஆகஸ்டைக் கழிப்பது உடம்புக்கே ஆபத்து.

உங்கள் வீட்டுக்காரர் தொழில் தெரிந்தவர், ஆனாலும் சொல்லிவிடுகிறோம். பழைய கட்டடங்களில் அரசு லைனையும் ஜெனரேட்டர் லைனையும் இரண்டு சாதா சுவிட்சில் மாற்றி மாற்றிப் போடுவார்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் தீப்பிடிக்கும். கரண்ட் நின்றிருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவருக்கு ஜெனரேட்டர் கரண்ட் பின்னால் பாய்ந்து உயிர் போகும். நடுவில் 'ஆஃப்' உள்ள சேஞ்ச் ஓவர் (ஒரு லைனை விட்டு இன்னொன்றுக்கு மாற்றும்) சுவிட்ச் வேண்டும், அதுவும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் டபுள் போல். நியூட்ரலைப் பொதுவாக விட்டால் அது எங்காவது கழன்ற அன்று 220 இருக்க வேண்டிய இடத்தில் 380 வரைக்கும் ஏறும், அறையில் இருப்பதெல்லாம் எரிந்துவிடும். ஃபிரிட்ஜுக்கு மூன்று நிமிடத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் கட்டாயம்.

சம்பளம் மாதம் 1,000 டாலர் என்று ஒப்பந்தம். அங்கே தினாரில்தான் கொடுப்பார்களாம். நஷ்டம் வருமா, சார்?
வாசகர், களக்காடு

வரும். 2023 பிப்ரவரியில் அரசு வைத்த விலைப்படி, பொதுமக்களுக்கு டாலர் 1,320 தினார். வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதல். கம்பெனி அரசு விலையில் கணக்குப் போட்டு 13,20,000 தினார் கொடுத்து, நீங்கள் சந்தையில் 1,450க்கு டாலர் வாங்கினால் கையில் 910 டாலர்தான். மாதம் 90 டாலர் சும்மா போகிறது. 'டாலரில் வங்கி வழியாக இந்தியக் கணக்குக்கு' அல்லது 'சம்பள நாளின் சந்தை விலையில்' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வங்கியை விட்டுத் தனி ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் (ஹவாலா) வழியாக அனுப்பாதீர்கள். இங்கே அது சட்டவிரோதம், பணம் வராவிட்டால் புகார் கொடுக்கவும் முடியாது.

எங்க ஊர் உப்புத்தண்ணீர் குடித்துப் பழகின ஆள் நான். பஸ்ரா குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?
வாசகர், ராதாபுரம்

போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. வற்ற வற்ற இன்னும் கரிக்கும். ஷட் அல் அரப் ஆற்றில் மேலிருந்து வரும் நீர் குறைந்தால் கடல்நீர் ஏறிவிடுகிறது, சாக்கடையும் கலக்கிறது. 2018 கோடையில் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊரே தெருவில் இறங்கிப் போராடியது. குடிக்க, சமைக்க, பல் தேய்க்க ஆர்.ஓ. தண்ணீர்தான். வெயிலில் வேலை என்றால் சமையலும் சேர்த்து ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டர் கம்பெனியிடம் கேளுங்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியம் தோலைச் சுடும். குளிக்க முந்தின ராத்திரியே வாளியில் பிடித்து வையுங்கள்.

அங்கே ரேஷன் உண்டா?
வாசகர், பாளையங்கோட்டை

1990 தடைக்காலத்தில் ஆரம்பித்த மாவு, அரிசி, சர்க்கரை, எண்ணெய் ரேஷன் இன்றும் இருக்கிறது. அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்.

எங்க சாச்சா மகன் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.
வாசகர், மேலப்பாளையம்

அனுப்பாதீர்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட் இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவைப்படும்) வகை. ஈராக்குக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக அந்த அனுமதி கட்டாயம். அந்த வழியில் போனால்தான் 10 லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் சேரும். பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். ரசீது கேளுங்கள். விசிட் விசாவில் போனவருக்கு அடிபட்டால் கம்பெனி 'எங்கள் ஆளே இல்லை' என்று சொல்லிவிடும். கிளம்பும் வாரத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் பயண எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள்.

கண்ணிவெடி பயம் இன்னும் உண்டா?
வாசகி, வள்ளியூர்

உண்டு. 1980-88 ஈரான் போரில் புதைத்தவை எல்லைப் பக்கம் இருக்கின்றன. 1991, 2003ல் வீசிய கொத்துக்குண்டுகளில் வெடிக்காதவையும் கிடக்கின்றன. மழைவெள்ளம் அவற்றை இடம் மாற்றும் என்பதால் போன வருடம் நடந்த பாதை என்ற நம்பிக்கை கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புச் சாயம் அடித்த கல் இருந்தால் தாண்டக் கூடாது. சந்தேகமான பொருளைப் பார்த்தால் தொடாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்ப வேண்டும். கேபிளுக்குக் குழி தோண்டும் வேலை என்றால், அந்த இடம் வெடிபொருள் அகற்றப்பட்டது என்ற சான்றிதழை மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்த பிறகுதான் மண்வெட்டியை எடுக்க வேண்டும்.